கரண்ட் போய் வந்த பிறகு சிஸ்டம் ஆன் ஆகவில்லை: மதர்போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கலங்கரை (திருவான்மியூர்):
வணக்கம். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. நேற்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் 2 வரை கரண்ட் இல்லை. வந்த பிறகு பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, பீப் இல்லை. மதர்போர்டில் பச்சை எல்ஈடி மட்டும் மங்கலாக எரிகிறது. பக்கத்துக் கடையில் திறந்து பார்க்காமலே "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். கையில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

ஓம்ஸ்:
அளந்து பார்க்காமல் போர்டு வாங்காதீர்கள் சார். ஸ்பைக் பஸ்டரைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டுங்கள். மானிட்டரின் பவர் கார்டும் பெரும்பாலும் இதே வகைதான், அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்ச் 'ஐ' (ஆன்) பக்கம் இருக்கட்டும்.

அடுத்து கேபினட் பட்டன். போர்டின் கீழ் ஓரத்தில் முன்பக்க ஒயர்கள் மாட்டும் பின் வரிசை இருக்கும். பல போர்டுகளில் 6, 8 ஆம் பின்கள்தான் பவர் சுவிட்ச், உங்கள் மேனுவலில் ஒருமுறை சரிபாருங்கள். அந்த ஒயரை உருவிவிட்டு, இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் கெட்டது. பக்கத்துப் பின்னில் நுனி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்வாசி:
போர்டில் இருக்கிற சிமாஸ் பேட்டரியை (தேதி, செட்டிங்கை நினைவில் வைக்கிற காசு மாதிரி பேட்டரி) மாத்திப் பாருங்க ப்ரோ. சிஆர்2032, எல்லா வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

ஈயப்பற்று:
பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் தேதி, பயாஸ் செட்டிங் மறந்துபோகும். ஃபேனே சுற்றாமல் இருப்பதற்கு அது காரணமாவது அபூர்வம். 3 வோல்ட் காட்டுகிறதா என்று மீட்டரில் பார்த்தால் போதும்.

எனக்கு அந்த மங்கலான எல்ஈடிதான் உறுத்துகிறது. கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சர்க்யூட் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்துவதை போர்டு உணர்வதே அந்த 5 வோல்ட்டில்தான். ராப்பகலாக ஓடுவதால் அதிலுள்ள சின்ன கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) சூட்டில் காய்ந்து சீக்கிரம் வலுவிழக்கும். சூடாக இருக்கும்வரை எப்படியோ தாக்குப்பிடிக்கும். நாலைந்து மணி நேரம் கரண்ட் நின்று ஆறிப்போனால் மறுபடி எழும்பாது. உங்களுக்கு நடந்தது அப்படியே இதுபோல் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய 24 பின் கனெக்டர் மாட்டியபடியே இருக்கட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஒரு கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை ஊதா ஒயரிலும் (அந்த 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இதில்தான் வரும்), கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து ஒயரை ஒட்டி உள்ளே விட்டு அளங்கள். 4.75 முதல் 5.25 வரை சரி. பிறகு பச்சை ஒயர், எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் ஆகச் சொல்வது இதுதான். சும்மா இருக்கும்போது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், பட்டனை அழுத்தினால் 0.8க்குக் கீழே இறங்க வேண்டும். ஊதா சரியாக இருந்தும் பச்சை இறங்கவில்லை என்றால் பட்டன் அல்லது போர்டு. பச்சை இறங்கியும் மஞ்சளில் 12 வோல்ட் வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், அல்லது எங்கோ ஷார்ட்.

கலங்கரை:
பாயிண்ட், கார்டு இரண்டும் சரி. ஸ்க்ரூடிரைவரால் தொட்டும் அசைவில்லை. பேட்டரி 3.02. ஊதா 4.1 வோல்ட். 24 பின்னை போர்டிலிருந்து கழற்றி அளந்தால் 4.9 காட்டுகிறது! அப்படியானால் போர்டுதான் இழுத்துத் தள்ளுகிறதா?

ஓம்ஸ்:
அதை இப்போதே சொல்ல முடியாது. போர்டில் ஷார்ட் இருந்தாலும் இறங்கும், எஸ்எம்பிஎஸ்ஸில் பலமில்லை என்றாலும் இறங்கும். லோடு இல்லாமல், அதாவது எதுவும் கரண்ட் இழுக்காதபோது அளந்த 4.9ஐ நம்பி "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு" என்று முடிவு செய்துதான் நிறைய நல்ல போர்டுகளைத் தூக்கிப்போடுகிறார்கள்.

போர்டுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைக் கொடுத்துப் பாருங்கள். 10 ஓம், 5 வாட், வெள்ளை செராமிக் கட்டி மாதிரி இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள், சில்லறை விலைதான். பிளக்கை உருவிவிட்டு 24 பின், ப்ராசஸர் பக்கத்து 4 அல்லது 8 பின், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவே ரெசிஸ்டர். பிறகு பிளக்கை மாட்டி அதன் இரு முனையிலும் அளங்கள். இழுப்பது அரை ஆம்பியர்தான். எஸ்எம்பிஎஸ் லேபிளில் '+5விஎஸ்பி' என்ற இடத்தில் 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் போட்டிருக்கும், ஆகவே இந்த லோடு அதற்கு ஒன்றுமே இல்லை. ரெசிஸ்டர் கை சுடும் அளவுக்குச் சூடாகும், தொடாதீர்கள்.

பெரம்பூர்வாசி:
பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் ஓடுதான்னு பார்க்கலாமே ப்ரோ?

ஈயப்பற்று:
பார்க்கலாம். பிளக்கை உருவிய பிறகே கிளிப்பைச் செருக வேண்டும். ஆனால் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே தெரியும், லோடு தாங்குமா என்று தெரியாது. சுற்றாவிட்டால்தான் அந்தச் சோதனை உறுதியான பதில் தரும்.

கலங்கரை:
10 ஓம் போட்டு அளந்தேன். 3.9 வோல்ட்.

ஈயப்பற்று:
அப்போது போர்டு இதற்குக் காரணமில்லை. ரெசிஸ்டரையே தாங்கவில்லை, ஸ்டாண்ட்பை சர்க்யூட் போய்விட்டது. கெபாசிட்டர் மாற்றி ரிப்பேர் செய்யலாம். ஆனால் மற்ற கெபாசிட்டர்களுக்கும் அதே ஏழு வயதுதான், நான் புதிதாக வாங்கச் சொல்வேன். பழக்கமில்லாமல் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் தேங்கி இருக்கலாம்.

ஓம்ஸ்:
வாங்கும்போது பெட்டி மேல் எழுதிய வாட்டை விடுங்கள், லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட், 450 என்று எழுதினால் நியாயம். 18தான் என்றால் 12 வோல்ட்டில் 216 வாட்தான் கிடைக்கும், இன்றைய ப்ராசஸர்களும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பதோ முக்கியமாக அந்த 12இல்தான். மாடுலர் வகை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) வாங்கினால் அதனுடன் வந்த கேபிளையே மாட்டுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் பொருந்துகிற மாதிரியே இருக்கும், பின் வரிசை மாறினால் ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கழற்றிய கையோடு ரேமின் தங்கப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். உப்புக் காற்றில் அது மங்கிப்போனால் ஃபேன் எல்லாம் சுற்றும், திரையில் படம் மட்டும் வராது.

கலங்கரை:
புது எஸ்எம்பிஎஸ் மாட்டியாயிற்று. ஊதா 5.06, மஞ்சள் 12.1, சிஸ்டம் ஆன் ஆகிவிட்டது. இருவருக்கும் ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. பழையதிலும் இப்படித்தான் இருந்தது.

ஈயப்பற்று:
எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசிகிற கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டியது, வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. மீட்டரை ஏசி 750 வோல்ட்டுக்கு மாற்றி, பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள், ஏறக்குறைய 230 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மாறாக இருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்டின் எர்த் ஒயர் வீட்டின் மெயின் போர்டு வரைக்கும் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கேபினட்டைத் திறக்கும்போது பிளக்கை உருவிவிட்டே கை வையுங்கள்.