சீக்வென்சிங்: வரிசைப்படுத்தலா, வரிசையறிதலா?

அன்புடையீர், வணக்கம்.

கொரோனா காலத்தில் நாளிதழ்கள் ‘மரபணு வரிசைப்படுத்தல்’ என்ற சொல்லை நாடெங்கும் கொண்டுசேர்த்துவிட்டன, ஆகவே டி.என்.ஏ-வின் எழுத்துவரிசையைக் கண்டறியும் சீக்வென்சிங் என்பதற்கு அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்று இந்த விவாத இழையில் மருத்துவர் ஐயா எழுதியிருந்தார். மக்கள் நாவில் ஏறிய சொல்லை அசைக்கத் தயங்கும் அவருடைய எண்ணம் மதிக்கத்தக்கது. ஆயினும் பாடநூல்களிலும் ஆய்வக அறிக்கைகளிலும் அது வேரூன்றும் முன்பு, அந்தச் சொல் செயலைச் சரியாகச் சுட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கலைந்து கிடப்பதை ஒழுங்கில் வைப்பதைத்தான் தமிழில் வரிசைப்படுத்துதல் என்கிறோம். மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்துகிறோம்; நூலகத்தில் நூல்களை வரிசைப்படுத்துகிறோம். டி.என்.ஏ இழையிலோ அடினின் (ஏ), தைமின் (டி), குவானின் (ஜி), சைட்டோசின் (சி) என்னும் நான்கு காரங்களும் ஏற்கெனவே ஒரு வரிசையில்தான் நிற்கின்றன. அந்த வரிசையை நாம் உண்டாக்குவதில்லை. அது என்ன என்று அறிகிறோம். ஆகவே ‘வரிசையறிதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வரிசையறி கருவி, மீள்வரிசையறிதல், முழு மரபணுத்தொகுதி (ஜீனோம்) வரிசையறிதல் என்று அதிலிருந்து கிளைச்சொற்கள் இடரின்றி வருகின்றன. ‘மாதிரியை வரிசையறிந்தோம்’ என்பது செவிக்கு இடறினால் ‘மாதிரியின் வரிசையை அறிந்தோம்’ என்று பிரித்து எழுதுவதற்கும் தடையில்லை.

இதற்கு யாழ்ப்பாணத்து ஆசிரியை அம்மையார் எழுப்பிய மறுப்பு கூர்மையானது. 1977-இல் பிரெடரிக் சாங்கர் வெளியிட்ட முறையில் துண்டுகள் உண்மையாகவே நீளவாரியாக அடுக்கப்படுகின்றனவே, அங்கே வரிசைப்படுத்தல் நடக்கவில்லையா என்று அவர் கேட்டிருந்தார். நடக்கிறது. அம்முறையில் ஓர் இழையைப் பார்த்து அதன் படியை நொதி கட்டிக்கொண்டு போகும்போது, இடையிடையே சேரும் டைடியாக்சி வகைக் காரம் ஒன்று படியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. இப்படி வெவ்வேறு இடங்களில் நின்றுபோன துண்டுகளைக் கூழ்மப் படலத்தில் (ஜெல்) ஓடவிட்டால், குட்டைத் துண்டு முன்னும் நெட்டைத் துண்டு பின்னுமாகப் பிரிகின்றன. எந்தக் காரத்தில் எந்தத் துண்டு நின்றது என்பதைக் கீழிருந்து மேலாகப் படித்தால் எழுத்துவரிசை கிடைத்துவிடுகிறது. ஆனால் அடுக்கப்படுபவை துண்டுகள். அறியப்படுவது காரங்களின் வரிசை. அடுக்குதல் அந்த ஒரு முறையின் படிநிலை மட்டுமே. நுண்துளை வழியாக இழையைச் செலுத்தி, அது நகரும்போது மின்னோட்டத்தில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு காரங்களை இனங்காணும் இன்றைய கருவிகளில் அத்தகைய அடுக்குதலே இல்லை. ஒரு முறைக்குரிய படிநிலையின் பெயரை எல்லா முறைகளுக்கும் பொதுப்பெயராக வைத்தால், அடுத்த முறை வரும்போது பெயர் பொருளிழந்து நிற்கும்.

நடைமுறை சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. எனக்கு அதுவே வலுவானதாகப் படுகிறது. குறுந்துண்டு முறையில் கருவியிலிருந்து ஏறக்குறைய 150 எழுத்து நீளமுள்ள வாசிப்புகள் கோடிக்கணக்கில் வெளிவருகின்றன. அவற்றை முதலில், ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் மேற்கோள் மரபணுத்தொகுதியோடு பொருத்துகிறோம். பொருத்தியபின், எந்தக் குரோமோசோமில் எந்த இடம் என்பதைப் பார்த்து அவற்றை முன்பின்னாக அடுக்குகிறோம். அதன்பிறகே வேறுபாடுகளைத் தேடுகிறோம். நடுவில் உள்ள அந்த அடுக்கும் வேலைக்குக் கணினித்துறையில் ஏற்கெனவே ‘வரிசைப்படுத்தல்’ என்றுதான் பெயர். சீக்வென்சிங்குக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டால், ‘வரிசைப்படுத்தலில் கிடைத்த வாசிப்புகளைப் பொருத்தி, பின் வரிசைப்படுத்துக’ என்று செய்முறைக் குறிப்பில் எழுத வேண்டிவரும். அதைப் படிக்கும் மாணவர் தலையைப் பிடித்துக்கொள்வார்.

‘மரபணு’ என்ற முன்னொட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித மரபணுத்தொகுதியின் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகளில் புரதத்துக்குக் குறியீடாக அமையும் பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு. முழுவதையும் படித்தால் ‘மரபணுத்தொகுதி வரிசையறிதல்’ என்றும், ஒரு மரபணுவை மட்டும் படித்தால் ‘மரபணு வரிசையறிதல்’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

இனி, இந்த விவாதத்தில் இதுவரை எவரும் தொடாத ஒன்றுக்கு வருகிறேன். வரிசையை அறிவது வேறு, முன்பே தெரிந்த ஓரிடத்தில் முன்பே தெரிந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. தமிழில் இரண்டையும் ‘மரபணுப் பரிசோதனை’ என்றும் ‘மரபணுப் பகுப்பாய்வு’ என்றும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறோம். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு நாளிதழ்களில் நாள்தோறும் வந்த ‘எஸ் ஜீன் டிராப்’ என்ற செய்தியை நினைவுகூர்ந்தால் இந்தக் கலப்பின் விளைவு விளங்கும்.

அப்போது பயன்பட்ட டேக்பாத் ஆர்.டி.பி.சி.ஆர் சோதனை, வைரசின் மூன்று இடங்களைத் தேடியது. அவற்றில் ஒன்று கூர்முனைப் புரதத்துக்கான எஸ் மரபணுவில் இருந்தது. ஒமைக்ரானின் தொடக்கக்கால வகையில் அந்தப் புரதத்தின் 69, 70 ஆகிய இரு அமினோ அமிலங்களுக்குரிய ஆறு எழுத்துகள் இல்லாமற்போயிருந்தன. அதனால், இலக்கைத் தேடி ஒட்டிக்கொள்ள வேண்டிய சோதனையின் துருவி அங்கே பற்றிக்கொள்ளவில்லை. மற்ற இரண்டு இடங்களும் தெரிந்தன, எஸ் மட்டும் தெரியவில்லை. அன்று பரவலாக இருந்த டெல்டாவில் இந்த இழப்பு இல்லையாதலால், ‘எஸ் தெரியவில்லை என்றால் ஒமைக்ரானாக இருக்கலாம்’ என்று ஐயுறவும், அத்தகைய மாதிரிகளை முதலில் வரிசையறிய அனுப்பவும் முடிந்தது. சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வரிசையறிவதற்கான அரசின் சொந்த ஆய்வகம் 2021 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஐயத்தை எழுப்பியது ஒரு சோதனை, உறுதிசெய்தது வேறொன்று என்பதைச் செய்திகளில் பிரித்துச் சொல்ல நம்மிடம் சொல் இருக்கவில்லை. அடுத்து வந்த பி.ஏ.2 வகையிலோ அந்த ஆறு எழுத்துகளும் இருந்தன. எஸ் மரபணு வழக்கம்போலத் தெரிந்தது. எஸ் தெரிந்ததனாலேயே ஒமைக்ரான் இல்லை என்று எண்ணியிருந்தால் அது பெரும்பிழையாக முடிந்திருக்கும். தெரிந்த இடத்தை மட்டும் பார்க்கும் சோதனைக்கு, தான் பார்க்காத இடத்தில் நடந்த மாற்றம் ஒருபோதும் தெரியாது.

முன்பே குறித்துக்கொண்ட இடத்தைப் பார்க்கும் இவ்வகைக்கு ‘இலக்கிடச் சோதனை’ என்று பெயரிடலாம் என்று நினைக்கிறேன். இலக்கு, இடம் இரண்டுமே எளிய சொற்கள். சோதனையின் வரம்பைப் பெயரே சொல்லிவிடுகிறது.

சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் மரபுநோயான கதிர் அரிவாள் இரத்தசோகையை எடுத்துக்கொண்டால் இந்த வேற்றுமை இன்னும் துலங்கும். தென்னிந்தியாவில் இந்த மரபுக்கூறு இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டு எழுதினர். ஆகவே இது நமக்குத் தொலைவான நோயன்று. ஹீமோகுளோபினின் ஒரு பகுதிக்கான பீட்டா குளோபின் மரபணுவில் ஜி-ஏ-ஜி என்றிருக்க வேண்டிய மூன்றெழுத்து ஜி-டி-ஜி என்றாகிவிடுகிறது. குளுட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. இந்த மாற்றத்தை நான்கு வழிகளில் பிடிக்கலாம். முகாம்களில் செய்யப்படும் கரைதிறன் சோதனையும், அதை உறுதிசெய்யும், கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி-யும் ஹீமோகுளோபின் புரதத்தைப் பார்ப்பவை; அவற்றை மரபணுச் சோதனை என்று எழுதுவதே பிழை. மூன்றாவது, குறிப்பிட்ட எழுத்துக்கோவையைக் கண்ட இடத்தில் மட்டும் டி.என்.ஏ-வை வெட்டும் நொதியைக் கொண்டு பார்ப்பது. இயல்பான வரிசையில் வெட்டும் நொதி, ஏ என்பது டி ஆனதும் அந்த இடத்தை அடையாளங்காணாமல் விட்டுவிடுகிறது. இரண்டு துண்டாக வர வேண்டியது ஒரே நீளத்துண்டாக வருகிறது. இது இலக்கிடச் சோதனை. நான்காவது, அந்த மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது. அது வரிசையறிதல். இந்த இடத்தை முப்பது வாசிப்புகள் மூடியிருப்பதாகக் கொள்வோம். ஏறக்குறையப் பாதியில் ஏ-யும் மீதியில் டி-யும் வந்தால், அவர் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மாற்றத்தைப் பெற்ற கடத்தி. முப்பதில் ஒன்றிரண்டில் மட்டுமே டி வந்தால் அது கருவியின் பிழையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மேலும், தேடப்போன இடத்தின் அருகில் வேறொரு மாற்றம் இருந்தால் அதுவும் இங்கே கண்ணில் படும். நொதி முறையில் படாது.

அடுத்தது, கண்டறியப்பட்ட மாற்றத்துக்கு என்ன பெயர் என்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘சடுதிமாற்றம்’, ‘திடீர்மாற்றம்’ என்று காண்கிறோம். இலங்கையில் ‘விகாரம்’ என்கின்றனர். செய்தித்தாள்கள் ‘திரிபு’ என்று எழுதுகின்றன. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூற்று நோயியல் கழகமும் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழைய மியூட்டேஷன் என்ற சொல்லையும் பாலிமார்பிசம் என்ற சொல்லையும் தவிர்த்து, எதையும் முன்முடிவு செய்யாத பொதுச்சொல்லான வேரியன்ட் என்பதையே பயன்படுத்தி, நோய்விளைப்பது முதல் தீங்கற்றது வரை ஐந்து அடைமொழிகளில் ஒன்றைச் சேர்க்கும்படி பரிந்துரைத்தனர். ஒரு மனிதரின் மரபணுத்தொகுதி மேற்கோள் தொகுதியிலிருந்து 41 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபடுகிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. அவற்றையெல்லாம் ‘விகாரம்’ என்று அழைத்தால், அறிக்கையைக் கையில் வாங்கும் தாய் தன் குழந்தையைப் பற்றி என்ன நினைப்பார்? ‘திரிபு’ என்பதோ, பல மாற்றங்களை ஒருங்கே கொண்ட வைரஸ் வகைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஒற்றையெழுத்து மாற்றத்துக்கும் அதையே வைத்தால் ‘ஒமைக்ரான் திரிபில் இத்தனை திரிபுகள்’ என்று எழுத நேரும். ஆகவே வேரியன்ட் என்பதற்கு ‘வரிசை வேறுபாடு’, சுருக்கமாக ‘வேறுபாடு’ என்பதே என் தேர்வு. நோய்விளை வேறுபாடு, தீங்கற்ற வேறுபாடு, பொருள் தெளியாத வேறுபாடு என்று அடைமொழிகள் அதனோடு ஒட்டி நிற்கின்றன.

வேறுபாட்டின் வகைகளுக்கு ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’ என்ற நன்னூல் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழாசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபோது மகிழ்ந்தேன். வாழைப்பழத்தில் ஓரெழுத்து தோன்றுகிறது, பொற்குடத்தில் ஓரெழுத்து திரிகிறது, மரவேரில் ஓரெழுத்து கெடுகிறது, டி.என்.ஏ-விலும் எழுத்து புகுதல், மாறுதல், நீங்குதல் என்னும் மூன்றும்தான் அடிப்படை. தொல்காப்பியரும் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று இதே மூன்றைச் சொல்கிறார். வகுப்பறையில் விளக்க இதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடைக்காது. ஆனால் ஆய்வக அறிக்கைக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். கெடுதல் என்றால் இன்றைய வழக்கில் தீங்கு. ‘தீங்கற்ற கெடுதல்’ என்று அச்சிட்ட தாளை எந்த நோயாளியிடமும் நீட்ட முடியாது. அதனால் ‘செருகல், பதிலீடு, விடுபாடு’ என்ற மூன்றையும் முன்வைக்கிறேன். பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் விடுபட்ட இடத்தைக் குறித்த வழக்கம் தமிழில் இருப்பதால், ‘விடுபாடு’ நமக்குப் புதிதாகவும் இராது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டுகிறேன். ‘எஸ் ஜீன் டிராப்’ என்பதை ‘எஸ் மரபணு விடுபாடு’ என்று பெயர்க்கக் கூடாது. எஸ் மரபணு எங்கும் போய்விடவில்லை. அதனுள் ஆறெழுத்து விடுபட்டது, அதனால் சோதனையில் அந்த இலக்கு தெரியவில்லை. விடுபாடு வைரசில் நேர்ந்தது. தெரியாமற்போனது சோதனையில் நேர்ந்தது. பின்னதை ‘எஸ் இலக்கு தென்படாமை’ என்று எழுதலாம்.

ஒரே சில்லில் லட்சக்கணக்கான இடங்களைச் சோதிக்கும் முறையும் இலக்கிடச் சோதனைதானா என்று சிலர் கேட்கக்கூடும். எத்தனை லட்சமானாலும் அவை அனைத்தும் முன்கூட்டியே தெரிந்தெடுத்த இடங்கள் என்பதால், ‘பல்லிலக்கிடச் சோதனை’ என்று அதன்கீழேயே வைக்கலாம் என்பது என் கருத்து. ‘வாசிப்பு’ என்ற சொல்தான் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. அது செயலையும் குறிக்கிறது, அச்செயலில் கிடைத்த எழுத்துத்தொடரையும் குறிக்கிறது. கருவியிலிருந்து வரும் அந்தத் தொடருக்கு மட்டும் தனிச்சொல் ஒன்று தேவை. ஆய்வகத்தில் நாள்தோறும் இதைக் கையாள்பவர்கள் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதினால், அங்கிருந்து தொடரலாம்.

அன்புடன்.