மறுமொழி: ‘சூ அண்ட் பி சூட்’ பிரிவு – ‘வழக்குரிமைப் பிரிவு’ சரிதானா?

வணக்கம்.

‘சூ அண்ட் பி சூட்’ (sue and be sued) பிரிவுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘வழக்குரிமைப் பிரிவு’ சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். அது வேண்டாம் என்பேன். அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி உருவாக்கும் கழகங்களின் (கார்ப்பரேஷன்களின்) பட்டயத்தில், அதாவது அமைப்புச் சாசனத்தில், ‘இக்கழகம் வழக்குத் தொடுக்கலாம், இதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம்’ என்றொரு வரி வரும். கழகம் தன் பெயரிலேயே வழக்காடலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறதா, கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தையும் (அதிகாரவரம்பு) தருகிறதா என்பதுதான் இருநூறு ஆண்டுச் சண்டை. ‘உரிமை’ என்று எழுதினால் தீர்ப்பை நாமே சொன்னது போலாகிவிடும்.

முதல் ஐக்கிய அமெரிக்க வங்கியின் 1791 பட்டயம் நீதிமன்றங்களைப் பொதுவாகவே சுட்டியது. அது தருவது வழக்காடும் தகுதி மட்டுமே என்று 1809இல் டெவோ வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் சொன்னார். இரண்டாம் வங்கியின் 1816 பட்டயம் கூட்டாட்சி வட்டார நீதிமன்றங்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. 1824இல் ஆஸ்பார்ன் வழக்கில் அதே மார்ஷல், இது அதிகாரமும் தருகிறது என்றார். ஆகவே என் பரிந்துரை: ‘வழக்காடு தகுதிப் பிரிவு’.

* * *

ஐயா, உங்கள் சொல்லும் ஒரு பக்கம் சாய்கிறதே. டெவோவுக்குப் பொருந்தும், ஆஸ்பார்னுக்குப் பொருந்தாது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் பொருந்தாது. அதன் 1905 பட்டயத்தில் இல்லாத ‘மாநில அல்லது கூட்டாட்சி’ என்ற சொற்களை 1947இல் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கையை வைத்தே 1992இல் உச்ச நீதிமன்றம், 5–4 என்ற கணக்கில், அதிகாரம் உண்டு என்றது. பெயரில் ‘தகுதி’யும் வேண்டாம், ‘உரிமை’யும் வேண்டாம். ‘வழக்காடற் பிரிவு’ என்று வெறுமனே வைப்போம். எதைத் தருகிறது என்பதை அடைமொழி சொல்லட்டும்: ‘தகுதி மட்டும் தரும் வழக்காடற் பிரிவு’, ‘அதிகாரவரம்பும் தரும் வழக்காடற் பிரிவு’.

இதைவிடப் பெரிய தொல்லை வீட்டுக்கடன்களை வாங்கும் அமெரிக்கக் கழகமான ஃபேனி மேயின் பட்டயத்தில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு வாசகம் அது: ‘காம்பிடன்ட் ஜூரிஸ்டிக்‌ஷன்’ உள்ள, மாநில அல்லது கூட்டாட்சி நீதிமன்றம் எதிலும் வழக்காடலாம். நம் அகராதிகளைப் பார்த்து இதைத் ‘தகுதிவாய்ந்த நீதிமன்றம்’ என்று பெயர்த்தால் உச்ச நீதிமன்றத்தின் 2017 லைட்ஃபுட் தீர்ப்பு தமிழில் புரியவே புரியாது. ‘கூட்டாட்சி’ என்ற சொல் இருந்தும் ஃபேனி மே அங்கே ஒருமனதாகத் தோற்றது. காரணம் அந்த அடைமொழிதான்: வேறு வழியில் ஏற்கெனவே அதிகாரம் பெற்றுள்ள நீதிமன்றத்தையே அது குறிக்கிறது, புதிதாக எதையும் தரவில்லை. ‘உரிய அதிகாரவரம்புடைய நீதிமன்றம்’ என்று நீட்டி எழுதுவதே நல்லது. கழகத்தின் தகுதி ஒன்று, நீதிமன்றத்தின் தகுதி ஒன்று என்று ஒரே பத்தியில் இரண்டு வந்தால் மாணவர் பாடு திண்டாட்டம்.

* * *

ஏற்கிறேன். ‘வழக்காடற் பிரிவு’ இருக்கட்டும்.

இச்சொல்லுக்கான அகராதிப் பதிவின் விளக்கத்தில் சில சேர்க்க வேண்டும். மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றப் பிரதிவாதிக்கு 30 நாள் கெடு. செஞ்சிலுவை, ஃபேனி மே இரண்டின் வழக்குகளும் அப்படி மாறி வந்தவையே. பிரிவைத் தவறாகப் படித்து மாற்றினால், பிறகு இரு தரப்பும் சம்மதித்தாலும் அதிகாரக் குறை தீராது. மேல்முறையீட்டில்கூட அந்தக் குறையை எழுப்பலாம். பட்டயம் கைகொடுக்காதபோது பார்க்க வேண்டிய இன்னொரு வழி, கழகத்தில் கூட்டாட்சி அரசுக்குள்ள பங்கு மூலதனம். அது பாதிக்கு மேல் இருந்தால்தான் காங்கிரஸ் உருவாக்கிய கழகம் என்பதை வைத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் போகலாம். பங்கே இல்லாத செஞ்சிலுவைக்கு அவ்வழி அடைபட்டது.

ஃபேனி மே போலவே வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் கழகத்தின் சட்டத்தை இந்தத் தலைப்பின் கீழ் வைக்கக்கூடாது. அக்கழகம் தரப்பாக உள்ள உரிமையியல் வழக்குகள் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் எழுவனவாகக் கருதப்படும், வழக்கு மதிப்பு எதுவாயினும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு முதலேற்பு அதிகாரம் (வழக்கை முதலில் ஏற்று விசாரிக்கும் அதிகாரம்) உண்டு என்று அது நேரடியாகவே சொல்கிறது. அதற்குத் தனிப் பதிவு: ‘அதிகாரவரம்பு வழங்கு பிரிவு’.