காலாங்கில் ஆட்டம் பார்த்த அனுபவம்: போனவர்கள் எழுதுங்கள்

நம் சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்துக் குழு உள்ளூரில் ஆடியபோது நேரில் போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள். யாருடன் போனீர்கள், கடைசியாக எப்போது போனீர்கள், போவதை நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினீர்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1973-ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறந்தபோது எனக்கு ஆறு வயது. மலேசிய மாநிலங்களோடு நாமும் ஆடிய மலேசியக் கிண்ணத்தின் ஆட்டம் இருக்கிற நாளில் அப்பா யாரிடமாவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார். இரவு ஆட்டத்துக்கு வெயில் தாழும் முன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். சாய்வில்லாத மரப்பலகை இருக்கை. கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் கச்சாங் பூத்தே (கடலை வகைகள்) வாங்கித் தருவார். ஆட்டம் தொடங்குவதற்குள் அது தீர்ந்துவிடும்.

எஸ். ராஜகோபால் கார்னர் உதைக்க வந்தால் அப்பாவின் கை என் தோளுக்கு வந்துவிடும். பந்து வளைந்து உள்ளே இறங்கும்வரை விரல்கள் இறுகிக்கொண்டே போகும். ‘ஒட்டகம்’ என்றுதான் ராஜகோபாலை எல்லாரும் கூப்பிடுவார்கள். மறுநாள் குளிக்கும்போது தோளில் வலி இருக்கும். நடுவர் தப்பாக விசில் ஊதினால் அரங்கமே ‘ரெஃப்ரி காயு’ என்று எழுந்து நிற்கும். காயு என்றால் மலாயில் கட்டை. அப்பா சத்தமாகப் பேசி நான் வீட்டில் கேட்டதே இல்லை. அங்கே அவர் கத்துவார். தமிழைத் தவிர வேறு மொழி சரியாகப் பேச வராதவர், பக்கத்தில் இருந்த ஹொக்கியன் பேசும் பெரியவரைக் கட்டிப் பிடித்துக் குதித்ததை நான் பார்த்திருக்கிறேன். 1977-ல் சமது அல்லாபிச்சை தலைமையில் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது எங்கள் புளோக்கில் அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் புதிய அரங்கத்தில் ஒரு நட்புமுறை ஆட்டத்துக்குப் போனேன். மேல் அடுக்கு முழுக்கக் காலி. கோல்காப்பாளர் தன் தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் ‘இடது பக்கம் பார்’ என்று கத்தியது என் இருக்கைவரை தெளிவாகக் கேட்டது. பந்தைக் கால் தொடுகிற ‘தொப்’ சத்தம்கூடக் கேட்டது. பழைய காலாங்கில் பக்கத்தில் நின்ற அப்பாவின் குரலே எனக்குக் கேட்காது. அன்றைக்கு ஆட்டம் எப்படி முடிந்தது என்பது எனக்கு நினைவில் இல்லை. அந்தச் சத்தம் மட்டும் நினைவில் நிற்கிறது.

*

தோ பாயோவிலிருந்து எழுதுகிறேன், அண்ணே. என் கதை 1994.

அந்த டிசம்பரில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்காக ஷா ஆலமுக்கு நாங்கள் நாற்பது பேர் ஒரு பஸ் பிடித்துப் போனோம். நெடுஞ்சாலை முழுக்க சிங்கப்பூர் பஸ்கள். ஒவ்வொரு பஸ்ஸைத் தாண்டும்போதும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் கத்துவோம். தொண்டை அங்கேயே போய்விட்டது. பகாங்கை 4-0 என்று வீழ்த்தினோம். அப்பாஸ் சாட் மூன்று கோல். லீக் கிண்ணம் ஏற்கெனவே கையில் இருந்தது. திரும்பி வரும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபடியே எல்லாரும் பாடினார்கள்.

அதுதான் கடைசி. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் இரு நாட்டுக் காற்பந்துச் சங்கங்களுக்கும் தகராறு வந்து நாம் விலகிவிட்டோம். 1996-ல் நம் சொந்தக் கிளப் போட்டியான எஸ்.லீக் தொடங்கியது. நான் போகாமல் இல்லை, மூன்று வருடம் விடாமல் போனேன். ஆனால் என்னவென்றால், காலாங்குக்குக் கூட்டம் வந்தது ஆட்டத்தின் தரத்துக்காக மட்டும் இல்லை. சிலாங்கூர் வருகிறது, பகாங் வருகிறது, ஜொகூர் வருகிறது என்பதற்காக. அத்தை வீட்டுக்காரர்களோடு ஆடுகிற மாதிரி. தோற்றால் மறுநாள் ஜொகூர் பாருவில் இருக்கிற மாமா பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்து இங்கேயே ஆடுகிற எட்டு கிளப்புகளிடம் அந்த ஆத்திரம் எனக்கு வரவில்லை. சுந்தரமூர்த்தி பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏமாற்றிப் போகும்போது எழுந்து நின்றவன் நான். அந்த ஆளே 2016-ல் தேசியப் பயிற்றுநராக வந்தார். அவருக்காகவாவது இரண்டு ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

*

எல்லாரும் மலேசியக் கிண்ணத்தையே சொல்கிறீர்கள். கூட்டம் 1994-லேயே போய்விட்டது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1998-ல் ஹனோயில் சசிகுமாரின் தோளில் பட்டு விழுந்த கோலில் டைகர் கிண்ணத்தை, அதாவது தென்கிழக்காசியக் கிண்ணத்தை, வாங்கினோமே, அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறை என்னுடையது. 2005 ஜனவரியில் அதே கிண்ணத்துக்காக இந்தோனேசியாவுடன் இறுதியாட்டத்தின் இரண்டாம் சுற்று காலாங்கில் நடந்தது. நானும் தங்கையும் கல்லூரித் தோழிகள் நான்கு பேரும் போனோம். உள்ளே நுழையவே ஒரு மணி நேரம். முகத்தில் சிவப்பு பூசிக்கொண்டு, நெருக்கியடித்துக்கொண்டு, முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்து பார்த்தோம். கூட்டம் அலை அலையாக எழுந்து உட்காரும் ‘காலாங் அலை’ நம் பக்கம் வரும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளும். அதை டிவியில் பார்த்தவர்களுக்குப் புரியவைக்க முடியாது.

2007-ல் அரங்கத்தை மூடினார்கள். புதியது திறந்தது 2014-ல். இடையில் ஏழு வருடம். எல்லாரும் சுலபமாகக் கடந்துபோகிற இடம் இதுதான். அந்த ஏழு வருடமும் பெரும்பாலான ஆட்டம் ஜாலான் புசாரில். மொத்தமே ஆறாயிரம் பேர்தான் உட்கார முடியும். 2012-ல் அதே கிண்ணத்துக்காகத் தாய்லாந்துடன் இறுதியாட்டத்தின் முதல் சுற்று அங்கேதான் நடந்தது, 3-1 என்று வென்றோம். எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை. 55,000 பேர் வந்து பழகிய இடத்தைவிட்டு ஆறாயிரத்துக்கு வந்தால் மீதிப் பேர் எங்கே போவார்கள்? வீட்டில் உட்கார்ந்து சனிக்கிழமை இரவு இங்கிலிஷ் பிரிமியர் லீக் பார்ப்பார்கள். பார்த்தோம். என் மகன் 2008-ல் பிறந்தான். அவன் லிவர்பூல் ரசிகனாகவே வளர்ந்தான். எட்டு வயதில் ‘அம்மா, சிங்கப்பூருக்கும் டீம் இருக்கா?’ என்று கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்தான் அவனைக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போக இடமும் இல்லை.

- ஈசூனிலிருந்து

*

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2014 அக்டோபரில் புதிய அரங்கத்தில் பிரேசிலும் ஜப்பானும் ஆடின. நெய்மார் நான்கு கோல் அடித்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம், புல்தரைக்குப் பதில் பாதி மணல் தெரிந்தது, அப்படியும் வந்தார்கள். அடுத்த மாதமே நம் குழு அங்கே தென்கிழக்காசியக் கிண்ணத்துக்கு ஆடியது. மலேசியாவுடன் ஆடிய கடைசி ஆட்டத்துக்கு நல்ல கூட்டம்தான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கைருல் அம்ரி 1-1 என்று சமன் செய்தபோது பழைய காலாங் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் பெனால்டி கொடுத்தார்கள், அப்புறம் நம் கோல்காப்பாளரும் முன்னே போனதால் காலி வலைக்குள் இன்னொன்று. 3-1. நடப்புச் சாம்பியன் குழுச் சுற்றிலேயே வெளியே. 2016, 2018 இரண்டிலும் அதே. மலேசியாவிடம் தோற்ற அன்று இரவு ரயில் நிலையத்துக்கு நடந்தபோது முன்னால் ஒரு அப்பா சிவப்புச் சட்டை போட்ட பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பையன் தூங்கிவிட்டான். அவர் திரும்ப வந்திருப்பாரா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

*

வணக்கம். நான் திருச்சிக்காரன், இங்கே ஒன்பது வருடமாக வேலை. நான் எழுதலாமா தெரியவில்லை, ஏனென்றால் நான் போனது எதிரணிக்காக.

2025 அக்டோபர் 9, ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்று, இந்தியாவோடு ஆட்டம். நாங்கள் ஆறு பேர் டார்மிட்டரியிலிருந்து நீலச் சட்டையோடு போனோம். இக்சான் ஃபாண்டி முதல் பாதி முடிகிற நேரத்தில் கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு எங்களுக்கு ஒருவருக்குச் சிவப்பு அட்டை. முடிந்தது என்று எழுந்துவிட்டோம். 90-ஆவது நிமிடம் ரஹீம் அலி அடித்தார். நாங்கள் ஆடிய ஆட்டத்தில் முன் வரிசை அங்கிள் ஒருவர் திரும்பிப் பார்த்தார். சிவப்புச் சட்டை, எழுபது வயதிருக்கும். தமிழில் சொன்னார்: ‘நல்லா கத்துங்க தம்பி. இந்த எடத்துல சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு.’

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

எங்கள் நாட்டிலும் இதுதான் நிலைமை. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா 5-0 என்று சீனத் தைப்பேயை வென்றபோது அரங்கத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். அணித்தலைவர் சுனில் சேத்ரி கேமரா முன் நின்று, எங்களைத் திட்டுவதற்காவது வாருங்கள் என்று கைகூப்பினார். அடுத்த ஆட்டம் அவருக்கு நூறாவது. கென்யாவுக்கு எதிரான அந்த ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. அன்று வந்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் சென்னையில் இருந்த காலத்தில் இந்தியா ஆடி நேரில் பார்த்ததே கிடையாது. முதல் தடவை பார்த்தது காலாங்கில்தான்.

*

நம் கோல்காப்பாளர் ஹசன் சன்னியை யாருமே சொல்லவில்லையே. 2024 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் தாய்லாந்து நமக்கு எதிராக மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால் சீனா வெளியேறியிருக்கும். அவர் பாங்காக்கில் பதினொரு தடவை கோலைத் தடுத்தார். 3-1 என்று நின்றது. மறுநாளிலிருந்து தெம்பனிஸில் அவருடைய நாசி லெமாக் கடையில் சீன ரசிகர்கள் வரிசை. சீனாவிலிருந்து கடையின் க்யூஆர் குறியீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கி, அவரே அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் தெம்பனிஸில்தான் இருக்கிறேன். அந்தக் கடை அவருடையது என்று எனக்குத் தெரியவந்ததே அந்த வாரம்தான். பக்கத்து ஊர்க்காரன் மதிக்கிற அளவுக்கு நாம் மதிக்கவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

*

தொடங்கியவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஈசூன் தங்கச்சி சொன்ன ஏழு வருடக் கணக்கை நான் யோசித்ததே இல்லை. எனக்கும் அதே ஏழு வருடத்தில்தான் பழக்கம் விட்டுப்போனது. அப்பா 2009-ல் தவறிவிட்டார். அப்பாவால்தான் போகவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கோடு ஆட்டத்தை வீட்டில் பார்த்தேன். அரங்கம் நிறைய அவர்கள் கூட்டம். பாதி நேரத்தில் 0-1. ஷவால் அனுவார் ஒன்று, நான்கே நிமிடத்தில் இல்ஹான் ஃபாண்டி இன்னொன்று. முதன்முறையாக நம் குழு ஆடி ஜெயித்து ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறது. 1984-ல் போனது ஏற்று நடத்திய நாடு என்பதால். 1980-ல் மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூரை வீழ்த்திய வெற்றி கோலை ஃபாண்டி அகமது போட்டபோது அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், எனக்குப் பதிமூன்று வயது, பாரமாகத்தான் இருந்திருப்பேன். அந்த ஃபாண்டியின் மகன் போட்ட கோலை நான் சோபாவில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து கத்தினேன். அறையிலிருந்து மனைவி ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

2026 மார்ச் மாதம் பங்ளாதேஷோடு உள்ளூரில் ஆட்டம் இருக்கிறது. அவர்களுடைய தொழிலாளர்கள் திரண்டு வருவார்கள், வர வேண்டும், அவர்களுக்கு அது ஊர்த் திருவிழா. நாமும் வர வேண்டாமா? சீட்டு விற்பனை தொடங்கியதும் நான் ஆறு வாங்கப்போகிறேன். இரண்டு எனக்கும் பேத்திக்கும். ஈசூன் தங்கச்சி, மகனை அழைத்து வாருங்கள், லிவர்பூல் சட்டையே போட்டு வரட்டும். திருச்சித் தம்பி, இந்தத் தடவை நீங்கள் எங்கள் பக்கம் உட்கார வேண்டும். ஒரு சீட்டு இன்னும் இருக்கிறது. யாருக்கு வேண்டும் என்று கீழே எழுதுங்கள். ஐந்து மணிக்குத் தேக்காவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.