மறு: ஸ்டோர்டு புரொசீஜருக்குத் தமிழ் – உறைநிரலா, பதிநிரலா?

> தரவுத்தளத்துக்குள்ளேயே உறைவதால் ‘உறைநிரல்’ எனலாமே?

வேண்டாம் ஐயா. ஸ்டோர்டு புரொசீஜர் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைக்கும் நிரல் என்பது சரிதான். ஆனால் உறை என்றதும் ஊட்டிக்காரருக்கு மார்கழி உறைபனிதான் நினைவுக்கு வரும். ‘ஹேங் ஆகிப்போன புரோகிராமா?’ என்று கேட்பார்கள். ‘சேமித்த செயல்முறை’யும் சரிவராது, செயல்முறையை ஏற்கனவே பிராசஸுக்குக் கொடுத்துவிட்டோம். ‘கிரியேட் புரொசீஜர்’ என்ற கட்டளையால் ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு பெயர் சொல்லி அழைப்பதுதான் வேலை. ஆகவே ‘பதிநிரல்’.

ஓ.ஆர்.எம். (ஆப்ஜெக்ட்-ரிலேஷனல் மேப்பர்: நிரலில் உள்ள பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு பொருத்தும் மென்பொருள்) என்பதைப் ‘பொருள்-உறவு’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். ரிலேஷனல் தரவுத்தள முறையை வகுத்த எட்கர் காட் 1970 கட்டுரையில் சொன்ன ரிலேஷன் கணிதச் சொல், நடைமுறையில் அட்டவணை. இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே உள்ள உறவு அல்ல. ‘பொருள்-அட்டவணைப் பொருத்தி’ நீளம்தான். பேச்சில் ‘பொருத்தி’ போதும்.

சொல் தாங்குகிறதா என்று பயிற்சிக் குறிப்பு ஒன்றில் போட்டுப் பார்த்தேன்:

“பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலை ஒன்றில் மாதக் கடைசிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 1,200 விவசாயிகள். ஆளுக்கு ஒருமுறை வாசிப்பது, ஒருமுறை எழுதுவது என்றால் பொருத்தி 2,400 தடவை சர்வருக்குப் போய்வர வேண்டும். ஒரு நடைக்கு 40 மில்லிசெகண்ட் என்றால் 96 விநாடி நெட்வொர்க்கிலேயே போய்விடும். பதிநிரலை ஒருமுறை அழைத்தால் கணக்கு முழுதும் தரவுத்தளத்துக்குள்ளேயே முடியும்.

வம்பு அதற்குப் பிறகுதான். பதிநிரல் ஒருவரின் நிலுவையை 4,300-இலிருந்து 0 ஆக்கியது பொருத்திக்குத் தெரியாது. அதன் கையில் இருப்பது பழைய 4,300. அந்த நேரம் அவருடைய போன் நம்பரை மட்டும் திருத்திச் சேமித்தாலும், ஹைபர்னேட் (ஜாவாவுக்கான ஒரு பொருத்தி) வழக்கப்படி எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்தே எழுதும். நிலுவை மறுபடி 4,300! எனவே அழைக்குமுன் ஃபிளஷ் (கையில் உள்ள மாற்றங்களைத் தரவுத்தளத்தில் எழுதுவது), அழைத்தபின் கிளியர் (கையில் இருப்பதை மறப்பது) அல்லது ரிஃப்ரெஷ் (மறுபடி வாசிப்பது). வரிசை மாறும்போதெல்லாம் கூடும் வெர்ஷன் எண்ணில் பதிநிரலும் ஒன்று கூட்டிவிடட்டும். அப்போது பழைய மதிப்பு சத்தமில்லாமல் ஏறாது, பிழை காட்டி நிற்கும்.”

> பதிவு என்பது ரெக்கார்டு ஆயிற்றே, குழம்பாதா?

‘பதிவு நிரல்’ என்று எழுதினால் குழம்பும். ‘வு’ இல்லாமல், சேர்த்தே எழுதுவோம்.

> ஃபங்ஷனுக்கும் இதே சொல்தானா?

இல்லை, மதிப்பொன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ‘சார்பு’. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் புரொசீஜர் தனியாக வந்ததே 11-ஆம் பதிப்பில்தான். பதிநிரலுக்குள் கமிட் (மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டளை) போடலாம், சார்புக்குள் முடியாது. ஆனால் பொருத்தி முன்பே, ஒன்றாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்திருந்தால் பதிநிரலுக்குள் போட்ட கமிட்டும் பிழையில்தான் முடியும். மாதக் கணக்குக்குக் கமிட்டைப் பொருத்தியிடமே விட்டுவிடுங்கள்.

– கோத்தகிரியிலிருந்து