"எல்லாம் நானே செஞ்சுக்குவேன்": மதிப்பீட்டுக்கு ஆள் வந்த நாள்

அம்மாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு உடைந்து அறுவை சிகிச்சை ஆனவர். தினமும் காலையில் உதவியாளர் ஒருவர் வந்து போக வேண்டும் என்று விண்ணப்பித்தோம். ஐந்து மாதம் கழித்து, தேவையை மதிப்பிட வீட்டுக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் இருக்கும் ஊரில் தமிழ் பேசுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அவர் மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். நடுவில் நான்.

அன்று விடியும் முன்பே அம்மா என்னை எழுப்பிவிட்டார். "வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா இப்படியா போட்டு வைப்பே?" அவருக்குத் தலைவாரி, உடை மாற்றி, நாற்காலியில் உட்காரவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. கழிப்பறை நாற்காலி, படுக்கையில் போடும் ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் பின்னறையில் தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னார். நானும் சாத்தினேன்.

வந்த அம்மையார் நல்லவர்தான். பொறுமையாகக் கேட்டார். "குளியல் எப்படி?" என்றதும் அம்மா, "நானே குளிச்சுக்குவேன்" என்றார். மூன்று மாதமாக அவர் குளியலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, நான்தான் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். இப்போது நான் எதைச் சொல்வது? அம்மா சொன்னதையா, நடப்பதையா? கொஞ்சம் விளக்க ஆரம்பித்தேன். அம்மா உடனே, "நான் சொன்னது ரெண்டு வார்த்தை. நீ என்ன அவ்வளவு நேரம் பேசறே?" என்றார். அதோடு அடங்கிவிட்டேன். சிறுநீர் பற்றிக் கேள்வி வந்தபோது அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அம்மா மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார். கிளம்பும்போது சுவரைப் பிடித்தபடி வாசல்வரை நடந்துபோய் வழியனுப்பினார். அன்று ராத்திரி முழுக்கக் கால் வலி.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: "தற்போது உதவி தேவைப்படவில்லை."

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

* * *

அக்கா, உங்களுக்காவது வாசல்வரை வந்தார்கள். நான் இன்னும் வாசலுக்கே போகவில்லை.

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவுக்குப் பக்கவாதம். மதிப்பீட்டுக்கு நேரம் வாங்க வேண்டுமென்றால் தொலைபேசியில்தான் பேச வேண்டுமாம். எனக்குக் கேட்காது என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "மேலும் விவரங்களுக்குக் கீழ்க்காணும் எண்ணை அழைக்கவும்" என்று பதில் வந்தது. மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் அதே பதில். ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இலேயே வந்துவிட்டது. அதன் 21ஆம் பிரிவு, அலுவல் தொடர்புகளில் சைகை மொழியை ஏற்றுக்கொண்டு அதற்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதையும் இணைத்து அனுப்பினேன். பதில்? அதே எண்.

கடைசியில் 12 வயது மகளைப் பேசவைத்தேன். "பெரியவங்க யாராவது இருந்தா கொடும்மா" என்றார்களாம். "அப்பா பக்கத்தில்தான் இருக்கார், அவருக்குக் கேட்காது" என்றிருக்கிறாள். அப்புறம் தாத்தாவின் சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல் எல்லாம் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் சைகையில் என்னிடம் கேட்க, நான் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல... தாத்தா என்றால் அவளுக்கு உயிர். அன்று சாயங்காலம் அவர் அறைப் பக்கமே போகவில்லை. தேதி இன்னும் வரவில்லை.

* * *

நான் இதில் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவள். 19 வருடம் வீடுவீடாகப் போய் இந்தப் படிவங்களை நிரப்பியிருக்கிறேன்.

முதலில் எழுதிய சகோதரிக்கு: அந்தக் கதவைச் சாத்தியதில்தான் எல்லாம் போனது. நாங்கள் ஒரு மணி நேரத்தில் கண்ணில் பட்டதைத்தான் எழுதுவோம். சுத்தமான கூடம், வாரிய தலை, வாசல்வரை நடை. இதெல்லாம் தாளில் வேறு மாதிரித் தெரியும்.

பல இடங்களில் பார்த்தெல் அட்டவணை என்று ஒன்றை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். 1965இல் வந்தது, சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது என்று அன்றாட வேலைகள் பத்து இனங்கள், மொத்தம் 100. அதைப் போடும் விதியே, ஒருவரால் என்ன முடியும் என்று பார்க்காதே, அன்றாடம் என்ன செய்கிறார் என்று பார் என்பதுதான். பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்க வேண்டியிருந்தால்கூட 'தானே செய்கிறார்' என்று போடக் கூடாது. அதனால் "குளிக்க முடியுமா?" என்று கேட்டால், "கடைசியாக எப்போது குளித்தார், யார் கூட இருந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். கேள்வியைத் தப்பாகக் கேட்பவர்கள் எங்களில் நிறையப் பேர். நானும் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. பார்த்தெல்லில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை. சமையல், மருந்து, பணம், தொலைபேசி எதுவும் அதில் கிடையாது. அதற்கு 1969இல் லாட்டனும் பிராடியும் கொண்டுவந்த தனி அளவுகோல் இருக்கிறது, எட்டு இனங்கள். அதையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு நினைவாற்றல் சோதனை வைப்பது தனிக் கொடுமை. 1975இலிருந்து புழங்கும் எம்எம்எஸ்இ என்கிற நினைவாற்றல் சோதனை, வாக்கியம் எழுதச் சொல்லும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். எழுத்தே தெரியாத பாட்டிக்கு அங்கே மதிப்பெண் போனால் அது மறதியா? பல மொழிக்காரர்களை மனதில் வைத்து 2004இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ரூடாஸ் சோதனை இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மொழிபெயர்ப்புக்கு மட்டும் பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள். வெளியாள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தம்பி, உங்கள் மகள் விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

* * *

முதலில் எழுதியவள்தான். மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்: எத்தனை மணிக்கு எழுந்தார், யார் தூக்கினது, எத்தனை தடவை விரிப்பு மாற்றினது. நல்ல நாளையும் எழுதினேன், கெட்ட நாளையும் எழுதினேன். எந்தக் கதவையும் சாத்தவில்லை. அம்மாவுக்குக் கோபம்தான். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் காணொளியில் வந்தார், ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண். முதல் பத்து நிமிடம் அம்மா பழைய பாட்டுத்தான். பிறகு அந்தப் பெண், "ராத்திரியில எப்படிம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நானே எழுந்து பின்னறைக்குப் போய்விட்டேன். மெல்லிய சுவர், பேச்சு கேட்டது. "இவ பகலெல்லாம் ஓடுறா. எழுப்ப மனசு வராது. விடியுற வரைக்கும் ஈரத்துலயே படுத்திருப்பேன்."

பக்கத்து அறையில்தான் நான் தூங்குகிறேன். எனக்குத் தெரியாது.

வாரத்துக்கு ஐந்து காலை கிடைத்திருக்கிறது. ராத்திரிக்கு எதுவும் இல்லை, அதற்குத் தனியாக மேல்முறையீடு போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் ஆள் வருகிறார். அதற்குள் கூடத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லி அம்மா ஆரம்பித்துவிட்டார்.

தம்பி, அப்பாவுக்குத் தேதி வந்ததா?