அப்பாவுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர்: மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

கேள்வி:
அப்பாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் கைத்தடியோடு சமாளிக்கிறார், வெளியே 200 அடி நடப்பதற்குள் உட்கார இடம் தேடுகிறார். அதனால் வெளியே போவதையே விட்டுவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்தபடி ஓட்டும் பேட்டரி வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டர் வாங்கலாம் என்று பார்த்தால் மூன்று சக்கரம், நான்கு சக்கரம், மடிப்பது, கழற்றுவது என்று ஒரே குழப்பம். காரில் ஏற்றிப் போகவும் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 1:
சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அப்பாவின் கைகளைப் பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்ட நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். போகிற நேரம் முழுக்க லீவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் வண்டி நின்றுவிடும். விரல் மூட்டில் வலி இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே சலித்துவிடுவார். மற்ற விரல்களாலும் இழுக்கிற மாதிரி வளைய வடிவ ஹேண்டில் உள்ளவை உண்டு, கேட்டுப் பாருங்கள். தோளும் கையும் ஒத்துழைக்காது என்றால் ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி ஓட்டும் பவர் வீல்சேர்தான் சரி. பார்வை எப்படி, கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடிகிறதா என்பதும் முக்கியம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள உதவும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் காட்டிவிட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

மூன்று சக்கரம் குறுகலான இடத்தில் திரும்பும், கால் வைக்கவும் இடம் தாராளம். ஆனால் சரிவிலோ ஒருபக்கம் சாய்ந்த பாதையிலோ திருப்பினால் கவிழும் வாய்ப்பு அதிகம். வெளியே ஓட்டத்தான் என்றால் நான் நான்கு சக்கரம்தான் சொல்வேன்.

பதில் 2:
காரில் ஏற்றப்போவது யார்? அதை யோசிக்காமல் மடிக்கும் மாடல் வாங்கிவிட்டு நாங்கள் பட்ட பாடு போதும். மடிக்க எளிதுதான், ஆனால் மொத்தக் கனத்தையும் ஒரே தூக்கில் தூக்க வேண்டும், என் மனைவியால் தனியாக முடியவே இல்லை. கழற்றும் வண்டியில் எடை பிரிந்துவிடும். அதிலும் மொத்த எடையைக் கேட்காதீர்கள், மிகக் கனமான பகுதி எத்தனை கிலோ என்று கேளுங்கள், பெரும்பாலும் மோட்டார் உள்ள பின்பகுதியாக இருக்கும்.

பேட்டரி லித்தியம் என்றால் எடை குறைவு. லெட் ஆசிட் என்றால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் சார்ஜ் போட்டே ஆக வேண்டும், இறங்கின நிலையில் வாரக்கணக்கில் விட்டால் கெட்டுவிடும். இத்தனை கிலோமீட்டர் போகும் என்று சொல்லும் கணக்கு புது பேட்டரி, எடை குறைந்த ஆள், சமதளம் இதற்கெல்லாம்தான். நான் அதில் பாதியைத்தான் நம்புவேன்.

கேள்வி கேட்டவர்:
அப்பாவின் வலது கட்டைவிரல் சரியாக மடங்காது, எனக்கு இது தோன்றவே இல்லை! மிக்க நன்றி. எங்கள் வாசலில் ஒரு சாய்தளம் இருக்கிறது, அதில் இறங்குவதுதான் பயம்.

பதில் 3:
சாய்தளத்தில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், குறுக்கே போகவோ நடுவில் திருப்பவோ கூடாது. வண்டி எவ்வளவு சரிவு தாங்கும் என்று கையேட்டில் டிகிரியில் இருக்கும், உங்கள் சாய்தளத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஓட்டுபவரின் எடை, பை, சாமான் எல்லாம் சேர்த்து எடை வரம்புக்குள் இருக்கட்டும்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியைக் கையால் தள்ளுவதற்கு என்று பின்னால் ஒரு லீவர் இருக்கும், அதைத் தள்ளினால் மோட்டார் விடுபடும், கூடவே பிரேக்கும் போய்விடும். அம்மா மேலே உட்கார்ந்திருக்கும்போதே சரிவில் அதைத் தள்ளிவிட்டேன், வண்டி தானாக உருள ஆரம்பித்துவிட்டது. தம்பி கீழே நின்றதால் பிடித்துவிட்டான். ஆள் உட்கார்ந்திருக்கும்போது சரிவில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கடையின் வழவழத் தரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், உங்கள் சாய்தளத்தில் அப்பாவே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். இருக்கை பக்கவாட்டில் திரும்புகிறதா என்றும் பாருங்கள், முழங்கால் வலிக்காரருக்கு ஏறி இறங்க அதுதான் பெரிய உதவி.

கேள்வி கேட்டவர்:
அந்த லீவர் விஷயம் தெரியாமலே வாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வளைய ஹேண்டில் உள்ள நான்கு சக்கர வண்டியைப் பார்க்கிறேன், ஓட்டிப் பார்த்ததும் வந்து எழுதுகிறேன்.