மழைக்காலத்தில் லாக்கர் பெயிண்ட்: கறுப்பு சாம்பல் பூத்துவிட்டது, 2சிவி பாடியை உரிக்காமல் காப்பாற்ற முடியுமா?

குருசுக்குப்பம்24

வணக்கம். கையில் இருப்பது 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் கிட், சித்ரோயன் 2சிவி சார்ல்ஸ்டன், மெரூனும் கறுப்பும் சேர்ந்த இரட்டை வண்ணம். இதுவரை செய்தது:

பாடியைப் பாத்திரம் விளக்கும் சோப்புத் திரவத்தில் கழுவி, சாம்பல் நிற லாக்கர் பிரைமர் இரண்டு கோட். காய்ந்தபின் 1000 வாட்டர் பேப்பரில் லேசாக ஒரு தேய்ப்பு. அதன்மேல் கறுப்பு லாக்கர். ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில், காற்றழுத்தம் 20 பி.எஸ்.ஐ., பெயிண்ட் ஒரு பங்குக்கு பெயிண்ட் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஒரு பங்கு. நேரம் மாலை ஐந்தரை, மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. அடித்து முடித்ததும் சீக்கிரம் காயட்டும் என்று டேபிள் ஃபேன் போட்டேன்.

பத்து நிமிடத்தில் கறுப்பு முழுவதும் திருநீறு தடவியதுபோல் வெளுத்துவிட்டது. பளபளப்பு துளியும் இல்லை. பானெட்டில் மோசம், மட்கார்டு ஓரங்களில் கொஞ்சம் குறைவு.

கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, இதை முழுக்க உரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? இரண்டு, பக்கவாட்டில் மெரூனும் கறுப்பும் சந்திக்கும் வளைவை பிளாஸ்டிக் ஸ்பூனில் ஒத்திகை பார்த்தபோது டேப்புக்கு அடியில் பெயிண்ட் கசிந்தது, ஏன்? மூன்று, பொங்கல் வரை காத்திருக்காமல் இந்த மழையிலேயே முடிக்க வழி உண்டா?

வாட்டர்பேப்பர்2000

உரிக்க வேண்டாம். பெயிண்ட் கெடவில்லை, அதற்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கிறது. கார் பெயிண்டர்கள் இதைத்தான் பிளஷிங் என்பார்கள்.

தின்னர் ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி காற்றின் பனிநிலைக்கு (காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இறங்கினால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதுபோல ஈரம் படியும். பெயிண்ட் இன்னும் இளகலாக இருப்பதால் அந்த நுண்துளிகள் உள்ளேயே சிக்கி, ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகின்றன. கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும், வெள்ளை நிறத்தில் பளபளப்பு குறைந்ததாக மட்டும் தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். மழை விட்ட மாலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 25 டிகிரி. மேற்பரப்பு இரண்டே டிகிரி குளிர்ந்தால் போதும், வெளுத்துவிடும். அதே வீட்டில் வெயில் அடிக்கும் மதியம் 31 டிகிரி, 60 சதவீதம் இருந்தால் பனிநிலை சுமார் 22. ஒன்பது டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஆகவே எந்த மாதம் என்பதைவிட எந்த மணி என்பதே நமக்கு முக்கியம். ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி பெயிண்ட் மேசையிலேயே வையுங்கள். 70க்கு மேல் காட்டினால் பளபளப்புக் கோட் வேண்டாம்.

நீங்கள் செய்ததில் நிலைமையை மோசமாக்கியவை இரண்டு. முதலாவது என்.சி. தின்னர். மிக வேகமாக ஆவியாகும், அதனால் குளிர்ச்சியும் அதிகம். ஏர்பிரஷ் கழுவ அது நல்ல பொருள், பெயிண்டில் கலக்க அல்ல. இரண்டாவது ஃபேன். ஈரக் கோட்மேல் காற்று வீசினால் ஆவியாதல் இன்னும் வேகமாகி, குளிர்ச்சியும் கூடுகிறது. தூசி வேறு வந்து ஒட்டும். பெயிண்ட் அடித்தபின் பாடியை ஒரு டப்பாவால் மூடி வைப்பதுதான் சரி.

இப்போது மீட்பு வேலை. வெயில் உள்ள நாளில் 11 முதல் 2 மணிக்குள் செய்யுங்கள். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த லெவலிங் தின்னரை (மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்றது) பெயிண்ட் எதுவும் சேர்க்காமல் ஏர்பிரஷில் ஊற்றி, 12 பி.எஸ்.ஐ.யில், 10 செ.மீ. தூரத்தில் இருந்து பனிபோல் ஒரு சுற்று. மேற்பரப்பு ஈரமாகப் பளபளத்ததும் நிறுத்துங்கள். வழியும் அளவுக்குப் போகக் கூடாது. படலம் மறுபடி இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறும். கால் மணி நேரம் விட்டு, தேவையென்றால் இன்னொரு சுற்று. பெரும்பாலும் கறுப்பு திரும்பிவிடும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் சாம்பல் நின்றால் அது அடியில் உள்ள கோட்டில் இருக்கிறது. 24 மணி நேரம் காயவிட்டு, 1500 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே மெல்லிய கறுப்பு அடித்தால் போதும்.

இனி அடிக்கும் கோட்டுகளுக்கு பெயிண்ட் 1, லெவலிங் தின்னர் 1.5. அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. பெயிண்ட் கடையில் ரிடார்டர் தனியாகவும் கிடைக்கும், அதைச் சாதாரண தின்னரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். அதிகமானால் பெயிண்ட் காயாமல் கிடந்து பாடியின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அரிக்கும். எதைக் கலந்தாலும் முதலில் ஸ்ப்ரூ (கிட் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பாடிக்கு.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். பரவலாக, ஒரே சீராக வெளுத்தால் பிளஷிங். வட்ட வட்டமாகப் பள்ளமோ புள்ளியோ விழுந்தால் அது காற்றுக் குழாயில் வரும் தண்ணீர் அல்லது எண்ணெய். வெறும் காற்றை ஒரு கண்ணாடிமேல் அரை நிமிடம் அடித்தால் தெரிந்துவிடும். இந்தப் பருவத்தில் கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து ஒவ்வொரு நாளும் தண்ணீரை வடிக்க வேண்டும்.

வில்லியனூர்_வளைவு

ஈரப்பதம் பற்றி மேலே சொன்னதே போதும். வளைவுக்கு வருகிறேன், சார்ல்ஸ்டனின் அழகே அதில்தான் இருக்கிறது.

முதலில் வரிசை தவறு. வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால். மெரூனைக் கறுப்பின்மேல் ஏற்ற ஆறேழு கோட் ஆகும், கதவு இடுக்குக் கோடுகள் எல்லாம் அடைந்துவிடும். சிவப்பு வகை நிறமிகளுக்கு மறைக்கும் திறன் குறைவு, அடியில் இருப்பது மேலே தெரியும். சாம்பல் பிரைமர்மேல் மெரூன் மங்கலாக விழும். ஆக்ஸைடு சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு பிரைமர்மேல் அதே மெரூன் ஆழமாக, உயிரோடு நிற்கும். நீங்கள் கறுப்பு அடித்துவிட்டதால், மெரூன் வரவேண்டிய இடங்களில் மட்டும் இளஞ்சிவப்பு பிரைமரை மெல்லிசாக ஏற்றி, அதன்மேல் மெரூன் மூன்று கோட் போடுங்கள். அதற்கு முன் கதவு இடுக்குகளில் ஸ்கிரைபரையோ பிளேடின் முதுகையோ இரண்டு முறை இழுத்து ஆழப்படுத்துங்கள்.

மட்கார்டுகள் உங்கள் கிட்டில் தனித் துண்டுகளாக இருந்தால் ஒட்டாமல் தனியாகவே கறுப்பு அடியுங்கள். அசல் வண்டியிலும் அவை போல்ட்டில் கழற்றக்கூடியவைதான். டேப் ஒட்டி மறைக்கும் வேலை (மாஸ்கிங்) பாதி குறையும்.

டேப்புக்கு அடியில் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் டேப் அகலம். 10 மி.மீ. பேப்பர் டேப் வளைவில் திரும்பாது. உள்பக்கம் சுருக்கம் விழும், ஒவ்வொரு சுருக்கமும் ஒரு வாய்க்கால். கண்ணாடித் துண்டின்மேல் டேப்பை ஒட்டி, புது பிளேடில் ஸ்கேல் வைத்து 1.5 முதல் 2 மி.மீ. பட்டையாக அறுத்துக்கொள்ளுங்கள். அல்லது மெல்லிய வினைல் டேப். ஹார்டுவேர் கடை பிரவுன் டேப் வேண்டாம், நம் வெப்பத்தில் பசை இளகிப் பெயிண்டில் தங்கிவிடும்.

இரு பக்கமும் வளைவு ஒத்துப்போக வேண்டும், கண்ணளவில் அது வராது. ஒரு பக்கம் டேப் ஒட்டிச் சரிபார்த்தபின், அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து கதவு இடுக்கு, கைப்பிடி, ஜன்னல் விளிம்பு மூன்றையும் அடையாளமாகக் குறித்து வளைவை வரையுங்கள். தாளைத் திருப்பினால் மறுபக்கத்துக்கு அச்சு தயார்.

டேப் ஒட்டியதும் விளிம்பை டூத்பிக்கால் அழுத்தி ஓட்டுங்கள், முக்கியமாக கதவு இடுக்கைக் கடக்கும் இடத்தில். பிறகு கறுப்பை நேராக அடிக்காதீர்கள். டேப் விளிம்பில் முதலில் அதே மெரூனையோ நிறமற்ற கிளியர் லாக்கரையோ ஒரு மெல்லிய கோட். கசிவது கசியட்டும், மெரூன்மேல் மெரூன் கசிந்தால் யாருக்கும் தெரியாது. ஓட்டைகள் அடைந்தபின் கறுப்பு மூன்று மெல்லிய கோட். ஏர்பிரஷ் டேப் பக்கத்திலிருந்து வெளிநோக்கிப் போகவேண்டும், விளிம்புக்குள் ஊதக்கூடாது. கடைசிக் கோட் முடிந்து 15, 20 நிமிடத்தில் டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள். மறுநாள் உரித்தால் பெயிண்ட் விளிம்பு செதில் செதிலாக உடையும்.

மெரூன்மேல் டேப் ஒட்டும் முன் 48 மணி நேரம். இந்த ஈரத்தில் 24 போதாது. மூக்கருகே வைத்து முகர்ந்தால் தின்னர் வாசனை அறவே வரக்கூடாது.

குருசுக்குப்பம்24

மிக்க நன்றி இருவருக்கும். வரிசை பற்றி யோசிக்கவே இல்லை. இன்னும் இரண்டு: ஏசி அறையில் ஈரப்பதம் 55 காட்டுகிறது, அங்கேயே அடித்துவிடலாமா? காயவைக்க அரிசி டப்பாவுக்குள் வைக்கலாம் என்று சொல்கிறார்களே?

கெடிலம்

ஏசி ரூம்ல அடிக்காதீங்க தம்பி. ஈரம் குறையும், உண்மைதான். ஆனா ஏசி அதே காத்தத்தான் சுத்திச் சுத்தி விடுது, லாக்கர் ஆவி வெளிய போக வழியில்ல. நெஞ்சுக்கும் கேடு, ஒரு தீப்பொறி பட்டா தீயும் பிடிக்கும். என்95 மாஸ்க் தூளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் வச்ச ரெஸ்பிரேட்டர் வாங்குங்க, வெளிய காத்து இழுக்கிற எக்ஸாஸ்ட் பக்கத்துல அடிங்க.

ஏசி ரூமை வேற மாதிரி பயன்படுத்தலாம். அடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பாடிய அங்க வச்சு எடுத்தா, அது குளிர்ந்து வெளிய வந்ததும் வியர்க்கும். அதனால முன்னாடி வைக்கவே கூடாது. அடிச்சு, தொட்டா ஒட்டாத பதம் வந்து, வாசனையும் அடங்கினதுக்கு அப்புறம் அங்க கொண்டுபோய்க் காயவைங்க. அதுக்கு நல்லா உதவும்.

அரிசி வேண்டாம். உறிஞ்சுறது கம்மி, தவிட்டுத் தூசி முழுக்க பெயிண்ட்ல. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அடியில கால் கிலோ ஆரஞ்சு சிலிக்கா ஜெல், மேல கம்பி வலை, அதுமேல பாடி. ஜெல் பச்சையானா நனைஞ்சிருச்சுன்னு அர்த்தம். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில சிறு தீயில வறுத்தா மறுபடி ஆரஞ்சாகும். பல்பு வச்ச சூட்டுப் பெட்டி சிலர் செய்யறாங்க. தின்னர் ஈரமா இருக்கும்போது பல்பு பக்கம் போகாதீங்க, 45 டிகிரிக்கு மேலயும் ஏத்தாதீங்க. மெல்லிய கூரைத் தூண்கள் முதல்ல வளையும்.

நீங்க கடலுக்குப் பக்கம் இருக்கீங்க. ஜன்னல் திறந்திருந்தா உப்புக் காத்து பாடிமேல படியும், ஒவ்வொரு கோட்டுக்கு முன்னாடியும் சுத்தத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, நல்லா காயவிட்டு அடிங்க. நமக்கு கடலூர் சில்வர் பீச் பக்கமும் இதே கதைதான்.

மழை பெய்யற நாளை வீணாக்க வேண்டாம். அன்னிக்கு உள்பகுதி, சேஸி, சீட்டெல்லாம் தண்ணியில கரையற அக்ரிலிக்ல முடிச்சிடலாம். அதுக்கு காய நேரம் கூடுதலா ஆகும், ஆனா இந்த மாதிரி வெளுக்காது. 2சிவி கூரை துணிக் கூரை, சுருட்டித் திறக்கிறது. அதை பளபளன்னு அடிச்சீங்கன்னா வண்டியே பொம்மையாயிடும். செமி கிளாஸ் கறுப்புக்கு மேல வேண்டாம், மடிப்புகள்ல கொஞ்சம் அடர் சாம்பல் தொட்டு விடுங்க.

ஜன்னலுக்கு இன்ஸ்டன்ட் பசை தொடவே தொடாதீங்க. ஈரக் காத்துல அதோட ஆவி கண்ணாடிமேல வெள்ளையாப் படியும், அப்புறம் பாலிஷ்தான் போடணும். மரத்துக்கு ஒட்டுற வெள்ளைப் பசை, டூத்பிக் நுனியில. காஞ்சா தெரியாது.

வாட்டர்பேப்பர்2000

ஏசி பற்றி கெடிலம் சொன்னது முழுக்கச் சரி.

கிளியர் கோட் பற்றி ஒன்று மட்டும். டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டியபின் லாக்கர் கிளியரை ஈரமாக ஊற்றினால் டிகால் சுருங்கும். முதல் இரண்டு சுற்று தூறல்போல், இடையில் 20 நிமிடம். மூன்றாவதுதான் ஈரக் கோட். ஒரு வாரம் விட்டு 2000, 3000 வாட்டர் பேப்பர், பிறகு பாலிஷ் காம்பவுண்ட். பானெட்டின் மேட்டு வரிகளையும் மட்கார்டு விளிம்பையும் தேய்க்கும் முன் அவற்றின்மேல் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பெயிண்ட் அங்கேதான் மிக மெலிசு, நாலு இழுப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

குருசுக்குப்பம்24

இன்று மதியம் 12 மணி, ஈரப்பதம் 64. லெவலிங் தின்னர் இரண்டு சுற்று. கூரையும் மட்கார்டும் முழுக் கறுப்பாகத் திரும்பிவிட்டன. பானெட் வரிகளின் பள்ளத்தில் மட்டும் லேசான சாம்பல், நாளை 1500 வாட்டர் பேப்பர். நம்பர் பிளேட் புதுச்சேரி பதிவாக, பி.ஒய். 01 என்று வைக்க ஆசை. அளவு?

வில்லியனூர்_வளைவு

அசல் நீளப் பிளேட் 500 × 120 மி.மீ., 1/24இல் 20.8 × 5. இரண்டு வரிப் பிளேட் 340 × 200, அதாவது 14.2 × 8.3. இரண்டையும் காகிதத்தில் வெட்டி முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள், எது பொருந்துகிறதோ அது. வெள்ளை டிகால் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடும் முன் கிளியர் மூன்று மெல்லிய கோட், இல்லையென்றால் மை கரைந்து ஓடும்.